முந்தானைக்குப் பின்னால்

மேல்வரிசை முன்பற்கள் நான்கு, கடைவாயில் இரண்டு. கோவில்பட்டியில் ஆறையும் எடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பியபோது முந்தானையால் வாயைப் பொத்திய அம்மா, மூன்றாம் நாளும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

புரட்டாசி விதைப்பு நேரம். உளுந்து, பாசி, மக்காச்சோளம் என்று ஊரே காட்டுக்குப் போயிருந்தது. தெருவில் கோழிகள்தான். வருஷம் பூராவும் தீப்பெட்டி ஆபீஸுக்கும், விதைப்பும் களையும் வந்தால் காட்டுக்குமாக ஓடிய கால்களை அம்மா நீட்டி வைத்திருந்தாள். அந்தக் கால்களை நான் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெடிப்புக்குள் கரிசல் மண் கறுப்பாகவே தங்கிவிட்டிருக்கிறது.

துப்பக்கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடி நிற்கும். அடியிலுள்ள எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் போர்வை. வேகமாகத் துப்பினாலோ உறிஞ்சினாலோ அது பெயர்ந்து வந்துவிடும். பிறகு காது வரைக்கும் தெறிக்கும் வலி. வெற்றிலையும் புகையிலையும் போட்டுத் துப்பியே பழகிய வாய் அது. ஊறும் எச்சிலை ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடி விழுங்கினாள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதையும் கொப்பளிக்காமல், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வாய்க்குள் அலையவிட்டு, குனிந்து தானாக வழியவிட்டாள். களை எடுக்கிறவளின் பொறுமை தெரிந்தது அந்தக் குனிதலில்.

கம்மங்கஞ்சியை ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்து, குருணை ஏதும் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடாமல் வடிகட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நாள் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள், அதனால் பேசவில்லை என்று நினைத்தேன். பஞ்சை எடுத்த பிறகும் சைகைதான். நாலாம் நாள் விடியற்காலை, நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்துச் சன்னமாகச் சொல்லிப் பார்த்தாள். "தம்பி." காற்றுதான் வந்தது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் காற்று. நான் கண்ணைத் திறக்கவில்லை.

மேல்வாயை ஒட்டிய பல்லின் அடியில் நாக்கு நுனி பரந்து பட்டால்தான் 'த' பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்கிறது. கல்லூரியில் அந்தச் சூத்திரத்தை உருப்போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்த இடத்தில் இப்போது தையல். பெயர் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தம்பிதான்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை பார்க்க வந்தாள். "இப்பம் எப்படி மதினி இருக்கு?" என்றபடி ஒரு பொட்டலத்தை மடியில் வைத்தாள். கடலை மிட்டாய். வைத்த பிறகுதான் உறைத்தது. "அய்யோ, எம் புத்தி எங்க போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் கை தானாகவே கடலை மிட்டாயைத்தான் வாங்கும். அம்மாவின் முந்தானை குலுங்கியது, சிரிக்கிறாள். அத்தை போன பிறகு பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, டப்பாவில் போட்டு மூடினாள்.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். ஈறு ஓரளவு மூடிவிட்டது, உள்ளே எலும்பு நிரம்ப மாசக்கணக்கில் ஆகும், பல்செட்டை அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் சென்னைக்குத் திரும்பினேன். போன் போட்டால் அத்தைதான் பேசுவாள். "மருமகனே, மதினி நல்லா இருக்காக. கஞ்சி குடிச்சிட்டாக." பின்னால் அம்மா மூச்சு விடுவது கேட்கும். நானும் எதுவும் கேட்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் ஊருக்கு வந்தேன். மழை விழுந்து செருப்பில் கரிசல் அடை அடையாக ஒட்டியது. தெருமுனையிலேயே இடிக்கிற சத்தம். செத்துப்போன அப்பத்தா வெற்றிலை இடித்த சின்ன இரும்பு உரல் பரணிலிருந்து இறங்கியிருந்தது. கடலை மிட்டாயை அதில் போட்டு மாவாக இடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஹம்பி, இந்தா" என்று கை நிறைய நீட்டினாள். முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது.