பக்க மூடிக்கு வெளியே இரண்டு ஒயர்கள்

போளூரிலிருந்து மேற்கு நோக்கி மலையேறினாலும், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக வந்து சேர்ந்தாலும், ஜமுனாமரத்தூரில் இறங்குகிற பிரயாணியின் கண்ணில் முதலில் படுபவை கடைத்தெருவில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள்தாம். ஜவ்வாது மலையின் கிராமங்கள் ஒன்றையொன்று நெருங்கி அமைந்தவை அல்ல. பள்ளத்தாக்கு ஒன்றில் சில வீடுகள், காட்டைத் தாண்டிய மேட்டில் மற்றும் சில வீடுகள் என்று சிதறிக் கிடக்கும் அவ்வூர்களில் பஸ் எட்டாத இடங்களிலிருந்து, சாமை மூட்டையும் புளிக் கூடையும் பலாப்பழமும் சந்தைக்கு வருவதும், பிரசவ வேதனைப்படும் பெண்ணும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சாலைக்கு வந்து சேருவதும் இந்த இரு சக்கர யந்திரத்தின் முதுகில்தான். இருட்டும் இங்கே சாமானியமானதன்று. காவலூரில், இன்று வைணு பாப்புவின் பெயர் தாங்கி நிற்கும் வானாய்வு நிலையத்தை 1960-களில் அமைக்க முற்பட்டவர்கள் இம்மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு நகர வெளிச்சம் தீண்டாத வானம் ஒரு முக்கிய காரணம். 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிவதற்குத் துணைநின்ற அந்த இருளிலேதான், வளைவுக்கு வளைவு பள்ளத்தை நோக்கித் திரும்பும் பாதையில், மலைவாசி தன் வண்டியின் முகப்பு விளக்கொன்றை நம்பிப் போகவேண்டியிருக்கிறது.

அந்த விளக்கும், அதைத் தாங்கும் யந்திரமும் முன்னெப்போதையும்விட இன்று பேட்டரியை நம்பி வாழ்கின்றன. முன்பெல்லாம் பேட்டரி தளர்ந்தாலும் கிக்கரை இரண்டு முறை உதைத்தால், அல்லது இறக்கத்தில் உருட்டிக் கியரைப் போட்டால் வண்டி உயிர்பெற்றுவிடும். 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்று ஆயிற்று. 2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்சாரத்தால் இயங்கும் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாடு வந்தது. பேட்டரி அடியோடு தீர்ந்துபோனால் அந்தப் பம்பு அசையாது. உருட்டியும் உதைத்தும் பெரும்பாலும் பயனில்லை. காற்றின் தூய்மைக்கு இந்த மாறுதல் மிகவும் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மாறுதலோடு கூடவே, பேட்டரியைப் பேணும் வழியையும் வண்டிக்காரனின் கைக்கு எட்டுமாறு செய்துகொடுத்திருக்கவேண்டும்.

அந்தக் காரியத்தைக் கடைத்தெருவின் ஒரு சிறிய தகரக் கொட்டகையில் செய்துவருகிறார், நான் பார்க்கச் சென்ற மெக்கானிக். கீழ்நாட்டு ஒர்க்‌ஷாப்பு ஒன்றில் சிறுவயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர். இப்போது அவரிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் இளைஞன் இவ்வூரிலேயே உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவன். "பேட்டரி ஓட்டத்துல சாகறதில்லைங்க ஐயா, சும்மா நிக்கறதுலதான் சாகுது" என்றார் மெக்கானிக். ஈயத் தகட்டையும் கந்தகாமிலத்தையும் கொண்டு காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1859-ல் அமைத்த மின்கலத்தின் சந்ததியே இன்றும் நம் வண்டிகளில் பெரும்பாலும் இருக்கிறது. அது உபயோகமின்றிக் கிடக்கையில் தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். இறங்கிய நிலையில் நெடுநாள் விட்டுவிட்டால், தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் கரைய மறுக்கும். மலையாளி என்னும் பழங்குடி மக்களில் பலர் இம்மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்கள். அவர்கள் திரும்பி வரும்போது, கடன்பட்டு வாங்கிய வண்டி வாசலில் அசையாமல் நிற்கிறது.

நான் சென்றிருந்தபோது அப்படிப்பட்ட ஒரு வண்டிக்குத்தான் வேலை நடந்துகொண்டிருந்தது. இருக்கையைக் கழற்றி, பக்க மூடியை எடுத்து, முதலில் மைனஸ் முனையைக் கழற்றினார்கள். வண்டியின் சட்டம் முழுவதும் மைனஸோடு சேர்ந்திருப்பதால், பிளஸ் முனையை முதலில் தொட்டால் ஸ்பானர் சட்டத்தில் பட்டு நெருப்பு தெறிக்கும். மாட்டும்போது இந்த வரிசை தலைகீழாகும். முனைகளில் பூத்திருந்த வெண்பொடியை வெந்நீரால் கழுவித் துடைத்து வாஸ்லின் தடவிய பின், சிவப்பு ஒயர் ஒன்றையும் கறுப்பு ஒயர் ஒன்றையும் அளந்து வெட்டினார்கள். நுனிகளில் வளைய லக்கை நசுக்கிப் பொருத்தி, ஈயம் வைத்து, அதன்மேல் ஸ்லீவைச் சூடுகாட்டிச் சுருக்கியது அந்த இளைஞன்.

அதற்கடுத்த காரியத்தில் மெக்கானிக் வேறு யாரையும் கைவைக்க விடுவதில்லை. சிவப்பு ஒயரில், பேட்டரியிலிருந்து நாலு விரற்கடை தூரத்துக்குள்ளேயே பியூஸைப் பொருத்தினார். பியூஸ் காப்பது ஒயரை. பியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்கோ காவலே கிடையாது. மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்கும் வண்டியில் ஒயரின் தோல் தேய்ந்து சட்டத்தைத் தொட்டுவிட்டால், பேட்டரியில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய செம்பின் வழியே பாய்ந்து, அது பழுக்கக் காய்ந்து, பெட்ரோல் டாங்கிக்கு ஒரு சாண் தூரத்தில் தீப்பற்றும். பியூஸை ஒயரின் மறுமுனையில், பார்வைக்கு அழகாக, எளிதில் எட்டும் இடத்தில் வைத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டாம். இருக்கையை மாட்டிவிட்டால் வண்டிக்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதே இல்லை. அவன் காணமாட்டாத இடத்தில் காட்டப்படும் இந்த ஜாக்கிரதையையே இத்தொழிலின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

பிறகு ஒயர்களைச் சட்டத்தை ஒட்டி, சைலன்ஸரின் சூடு படாமலும் இருக்கையின் கொண்டியில் நசுங்காமலும் கொண்டுசென்று, டேக் போட்டு இறுக்கி, பக்க மூடியின் கீழ்விளிம்பில் இரண்டு முள் கப்ளராக வெளியே கொணர்ந்தார்கள். கப்ளர் ஒரு வழியாக மட்டுமே பொருந்தும். பிளஸ் பக்கம் ரப்பருக்குள் மறைந்திருக்கும். மழைநீர் தங்காதபடி அதன் வாய் தரையை நோக்கியிருக்கும். இனி பேட்டரிக்குச் சார்ஜ் போட ஸ்பானர் வேண்டாம். மூடியைக் கழற்ற வேண்டாம். சார்ஜரின் முனையைச் செருகினால் போதும்.

கைப்பிடியருகே செல்போனுக்கு வைக்கும் யு.எஸ்.பி. சாக்கெட்டின் கதை வேறு. அதைச் சாவியின் வழியாகவே கொடுக்கவேண்டும், பேட்டரியிலிருந்து நேரே இழுக்கக் கூடாது என்பது மெக்கானிக்கின் தீர்மானமான அபிப்பிராயம். நேரே கொடுத்தால் வேலை சுலபம் என்பதால் பலரும் அப்படிச் செய்துவிடுகிறார்கள். போன் செருகப்படாதபோதும் அந்தச் சாக்கெட்டுக்குள் உள்ள சிறு கருவி கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. அது பத்து மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி. ஐந்து ஆம்பியர் மணி கொள்ளும் பேட்டரியை மூன்று வாரத்தில் வெறுமையாக்கிவிட அதுவே போதும். பேட்டரிச் சார்ஜ் ஒயருக்கோ இந்த விதி பொருந்தாது. சாவி இல்லாமலே, நிற்கும் வண்டிக்கு மின்சாரம் ஏற்றவேண்டியது அதன் வேலையாதலால், அது பியூஸோடு நேரேதான் போகவேண்டும்.

சில கம்பெனிகள் தாமே யு.எஸ்.பி. சாக்கெட்டு வைத்து வண்டிகளை விற்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. போனுக்குக் காட்டும் அந்தப் பரிவை அவர்கள் பேட்டரிக்கும் காட்டவேண்டும் என்பது என் விண்ணப்பம். ஒரு பியூஸும் ஒரு கப்ளரும் சிறிது ஒயரும் சேர்ந்து ஒரு வண்டியின் விலையில் எவ்வளவு பாகம் ஆகிவிடும்? தகரக் கொட்டகையில் பிற்பாடு சேர்க்கும் ஒன்றை ஆலையிலேயே செய்துவிட்டால், பியூஸ் எங்கே இருக்கவேண்டும் என்பது தனிமனிதரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இராது.

அன்று கொட்டகையில் இருந்த வண்டிக்காரர் சில தினங்களில் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் புறப்படுகிறவர். கூட வந்திருந்த அவர் மனைவி ஊரிலேயே இருக்கப்போகிறவர். ஆகையால் மெக்கானிக் சார்ஜரை அந்த அம்மையாரிடமே கொடுத்து, கப்ளரைச் செருகவும் எடுக்கவும் செய்து பார்க்கச் சொன்னார். அரை ஆம்பியருக்கு மேல் தராத சிறிய சார்ஜர் அது. கார் பேட்டரிக்கு உரிய பெரிய சார்ஜரை இதில் போட்டால் தகடு வெந்துபோகும் என்றும் எச்சரித்தார். மீட்டரை வைத்து, நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.2-க்கு வந்தால் பாதி போய்விட்டது என்று பொருள் எனக் காட்டிக் கொடுத்தார்.

"கரண்ட் இல்லாத ராத்திரியில இதுலயிருந்தே போனுக்குச் சார்ஜ் ஏத்திக்கலாமாண்ணா?" என்று கேட்டார் அந்த அம்மையார். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றால், தோட்டத்திலிருக்கும் கணவரோடு பேச அதுதான் வழி.

மெக்கானிக் சற்று யோசித்தார். "ஏத்தலாம்மா, அதுக்குத் தனி பின் தர்றேன். ஆனா ஒரு போனை முழுசா நிரப்பினா பேட்டரியில மூணுல ஒரு பங்கு போயிடும். ஒரே ஒரு போன், ஒரே ஒரு தடவை. கரண்ட் வந்ததும் மொதல் வேலையா வண்டிக்குச் சார்ஜ் போட்டுடணும். மத்தபடி மாசம் ஒரு தரம், பச்சை லைட் எரியற வரைக்கும்."