சுரைக்குடுக்கையும் லாரி டியூபும்

எங்கள் ஊரில் நீச்சல் பழக இரண்டு வழி. ஒன்று லாரி டியூப், இன்னொன்று சுரைக்குடுக்கை. இலஞ்சி வயக்காட்டில் மாமாவுக்கு ஒரு கிணறு உண்டு. கார்த்திகை மழைக்குப் பிறகு மேல்படி வரை ததும்பும். அரையாண்டு லீவு விட்டதும் பிள்ளைகளை அதில் தள்ளிவிடுவார்கள். டியூபுக்குள் உடம்பை நுழைத்துக் கைகளை மேலே போட்டுக்கொண்டால் தலை நனையாது. பேசலாம், சிரிக்கலாம், படியில் உட்கார்ந்திருக்கும் அத்தையிடம் முறுக்கு வாங்கித் தின்னலாம். கால் மட்டும் கீழே தொங்கும். எவ்வளவு அடித்தாலும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்போம்.

மாமாவுக்கு டியூப் ஆகாது. காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து முதுகில் கட்டிவிடுவார். முதுகு மேலே வரும், மூஞ்சி தண்ணீருக்குள் போகும். நான் அலறுவேன். “ஏல, குப்புறப் படுத்தாத்தாம்ல நீச்சலு. மூச்ச அடக்கிட்டு கால அடி” என்பார்.

இப்போது நான் புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்குவது, கற்றுக்கொடுக்கிறேன். கடலே இல்லாத தென்காசியிலிருந்து வந்தவன் கடலுக்கடியில் என்ன செய்கிறாய் என்று ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். மாணவர்கள் கேட்பது வேறு கேள்வி: “சார், பிசிடி வாங்கலாம்னு இருக்கேன். ஜாக்கெட்டா, விங்கா?” எனக்கு உடனே அந்தக் கிணறு ஞாபகத்துக்கு வரும்.

பிசிடி என்பது காற்றுப் பை வைத்த சட்டை. சிலிண்டரை முதுகில் தாங்குவதும் அதுதான். பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து பைக்குள் காற்று ஏறும், இன்னொன்றை அழுத்தினால் வெளியேறும். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுநீரில் நிற்க இந்தக் காற்று வேண்டும். அந்தப் பை உடம்பில் எங்கே இருக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. பிரான்ஸில் மோரிஸ் ஃபென்ஸி 1961-இல் கொண்டுவந்த பை கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்குவது. ஸ்கூபாப்ரோ நிறுவனம் 1971-இல் கையில்லாச் சட்டை போன்ற ஜாக்கெட்டை விற்பனைக்கு விட்டது. அதில் காற்று விலா, இடுப்பு என்று உடம்பைச் சுற்றி நிற்கும். விங்கில் காற்று முழுக்க முதுகுப் பக்கம், சிலிண்டரின் இரண்டு ஓரத்திலும். உலோகத் தகடு ஒன்று, அதில் கோத்த நீளமான பட்டை, கவட்டுக்குள் போகும் இன்னொரு பட்டை, அவ்வளவுதான். தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் போனவர்கள் வளர்த்தெடுத்த பாணி அது.

ஜாக்கெட் என்றால் லாரி டியூப். விங் என்றால் சுரைக்குடுக்கை.

இதைச் சொல்லியே மாணவர்களுக்குப் பாதி விளக்கிவிடுவேன். தண்ணீருக்கு மேலே காத்திருக்கும்போது ஜாக்கெட் நாற்காலி மாதிரி. தலையை நிமிர்த்தி வைக்கும். வங்கக் கடலில் அலை கொஞ்சம் எழும்பினாலும் படகு திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகும். அப்போது அதன் அருமை தெரியும். விங்கில் காற்றை நிறைய அடித்தால் முகத்தை முன்னால் தள்ளும். பையைப் பாதி மட்டும் நிரப்பி, மல்லாந்து சாய்ந்துகொள்ளப் பழக வேண்டும். ஆனால் இறங்கிய பிறகு கதை மாறும். விங் போட்டவர் தண்ணீரில் பலகை போலக் கிடப்பார். துடுப்புக் கால் பின்னால் உதைக்கும், மணல் கலங்காது. ஜாக்கெட் போட்டவர் பல நேரம் சாய்வாகவே போவார். கால் தரையைக் கிளறும், பின்னால் வருகிறவனுக்குப் புழுதி.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் அளவைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு கடையில் எனக்கு இரண்டு அளவு பெரிய ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். தண்ணீரில் காற்றடித்ததும் சட்டை மட்டும் மேலே ஏறிக் காதைத் தொட்டது. நான் அதற்குள் தொங்கினேன். தோளில் இருந்த வால்வு வேறு கசிந்தது. அன்றைக்கு ஜாக்கெட்டையே வெறுத்தேன். சில வருடம் கழித்துத்தான் அது அந்த வகையின் குற்றம் இல்லை என்று புரிந்தது.

உண்மையில் ஜாக்கெட்டா விங்கா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: மூழ்குவதற்காக இடுப்பில் கட்டுவது எவ்வளவு ஈயம்? புதிதாக வருகிறவர்கள் சட்டென்று இறங்கிவிட வேண்டும் என்று இரண்டு கிலோ அதிகமாகக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு கிலோவைத் தாங்கப் பைக்குள் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு லிட்டராக இருக்கும் காற்று மேலே வரும்போது நான்கு லிட்டராக விரியும். கொஞ்சம் ஏறினால் அது இன்னும் தூக்கும், கொஞ்சம் இறங்கினால் இன்னும் அமுக்கும். ஆள் முழு நேரமும் பொத்தானோடு சண்டை போடுவான். பழி ஜாக்கெட் மேல் விழும். ஈயத்தைக் குறைத்துவிட்டால் இரண்டு வகையுமே சாதுவாகிவிடும்.

இதில் அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்குவார்கள். அடி சேர்ந்ததும் கல்லை விட்டுவிடுவார்கள், படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். கனம் இறங்குவதற்கு மட்டும்தான். நாம் கனத்தையும் விடாமல், அதைச் சமாளிக்கக் காற்றுப் பையையும் சுமந்துகொண்டு திரிகிறோம். ஃபென்ஸியின் பை வந்த அதே 1961-இல்தான் மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது என்பது எனக்கு ஒரு விசித்திரமான ஒற்றுமையாகத் தோன்றும்.

நம்மால் கல்லை விட முடியாது என்பதற்குக் காரணம் சிலிண்டர். நாங்கள் புழங்கும் அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது தண்ணீரில் மெல்ல மூழ்கும்; தீர்ந்துவரும்போது இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கப் பார்க்கும். அதனால் கடைசி நிமிடத்துக்கும் சேர்த்து ஈயம் கணக்குப் போட வேண்டும். விங்கின் எஃகுத் தகடு இரண்டரை கிலோவுக்கு மேல் கனக்கும். அந்த அளவுக்கு இடுப்பு ஈயத்தைக் கழற்றிவிடலாம். எனக்கு விங் பிடித்துப்போனதற்கு இதுதான் பெரிய காரணம். ஆனால் அந்தமானுக்கு விமானத்தில் போகும்போது 15 கிலோ பெட்டிக்குள் அந்தத் தகட்டை வைத்துப் பாருங்கள், காதல் குறையும்.

போன வருடம் இரண்டு சிலிண்டரைக் காரில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன். “ஆக்சிஜனா தம்பி?” என்று வழியெல்லாம் கேட்டார்கள். நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றுதான், சுத்த ஆக்சிஜன் ஆறு மீட்டருக்குக் கீழே ஆபத்து என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். மாமா கிணற்றில் முதலில் ஜாக்கெட், பிறகு விங். கிணற்றுத் தண்ணீர் கடல்நீரைவிட லேசு. உடம்பும் சாமானும் சேர்த்து 95 கிலோ வரும் எனக்குக் கடலில் கட்டும் ஈயத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. விங் போட்டபோது இடுப்பில் ஒரு கட்டிகூட இல்லை. தகடே போதும்.

மறுநாள் குற்றாலம். மெயினருவி விழும் பொங்குமாங்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “அதுல எந்தச் சட்டை போட்டா மிதக்கலாம்?” என்றார் மாமா. எதைப் போட்டாலும் முடியாது. நுரை பாதி காற்று. ஆளைத் தாங்கும் கனம் அந்தத் தண்ணீருக்குக் கிடையாது. அவர் தலையாட்டிவிட்டு எண்ணெய் தேய்க்கப் போய்விட்டார்.

சீசன் முடிந்ததும் மாமாவின் பேத்தியைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். கிணற்றில் நீந்தியவள், கடல் புதிது. என்னிடம் விங் இரண்டு இருந்தும் அவளுக்கு ஜாக்கெட்டைத்தான் எடுத்தேன், அவள் அளவுக்குச் சரியாக. முதல் முறை இறங்கி ஏறியதும் படகு தள்ளிப் போய்விட்டது. அலை அடித்தது. நான் மல்லாந்து சாய்ந்து உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள்போலத் தலை நனையாமல், பார்த்த மீன்களின் நிறத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.