மீனுக்காகப் புழு வளர்த்தல்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் கொழும்பிலே பலர் உளர். மீனின் உணவையும் வீட்டிலேயே வளர்ப்போர் சிலரே. மீன் வளர்ப்பிற் கடினமானது பெரிய மீனைப் பேணுவதன்று. குஞ்சின் சின்னஞ்சிறு வாய்க்கு ஏற்ற இரை தேடுவதேயாம்.

சண்டை மீனை எடுத்துக்கொள்வோம். தாய்லாந்துப் பக்கத்து மீனாகிய இதன் ஆண், நீர்ப்பரப்பிலே நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் அசையும் இரையையே நாடும். கடையில் வாங்கிய தூளுணவை அவை பெரும்பாலும் ஏறெடுத்தும் பாரா. தூள் அழுகி நீர் கெடும். குஞ்சுகள் பட்டினியால் மடியும். மட்டக்குளியில் எம் இல்லத்துத் தொட்டியிலும் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்தன. “அப்பா, இதுகள் எதைத்தான் தின்னும்?” என்று கலங்கினான் மகன்.

உயிருள்ள இரைக்கு இரண்டு வழிகள் கையருகே இருந்தன. ஒன்று, கான்களில் வாழும் ரியூபிபெக்ஸ் என்னும் செம்புழு. தலையைச் சேற்றிற் புதைத்து, வாலை நீரில் அசைத்து அது சுவாசிக்கும். ஒட்சிசன் குறைந்த கழிவுநீரிலும் வாழவல்லது. ஆயின் அக்கழிவுநீரின் நோய்க்கிருமிகளும் அதனுடன் தொட்டிக்கு வந்து சேரக்கூடும். மேலும், குஞ்சின் வாய்க்கு அது பெரிது.

மற்றது நுளம்புக் குடம்பி. வாளியில் நீர் நிரப்பிக் கொல்லையில் வைக்கலாமா என்று மகன் கேட்டான். கூடாதென்றோம். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. நுளம்பு பெருக இடமளிப்பதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. சட்டம் இல்லாவிடினும், நம் மீன்குஞ்சு பிழைக்க அயல்வீட்டுக் குழந்தையைப் பணயம் வைத்தல் தகுமோ?

எஞ்சியது நுண்புழு. பனாகிரெலஸ் ரெடிவைவஸ் என்பது அதன் அறிவியற் பெயர். ‘மீண்டும் உயிர்பெற்றது’ என்பது அதன் ஈற்றுச் சொல்லின் பொருள். நீளம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர். முட்டையிடாது, குட்டிகளையே ஈனும். குட்டிகள் சில நாட்களில் முதிர்ந்து தாமும் ஈனத் தொடங்கும்.

வளர்க்கும் முறை எளிது. வெற்று ஐஸ்கிறீம் பெட்டியில், நீரில் நனைத்துப் பிசைந்த பாணை அரை அங்குல உயரத்துக்குப் பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, நண்பரொருவர் தந்த ஒரு கரண்டிப் புழுக்கூழை நடுவே இட்டோம். மூடியிலே துளையிட்டுத் துணி ஒட்டினோம். சில நாட்களில் புழுக்கள் பெட்டியின் சுவரில் ஏறின. தூரிகையால் வழித்து நீரிற் கலக்க, வெண்ணிற இழைகளாய் நெளிந்து இறங்கின. குஞ்சுகள் பாய்ந்து உண்டன. சில வாரங்களிற் கூழ் புளித்து நாறும். ஆகவே ஒரு பெட்டி நன்றாயிருக்கும்போதே மற்றொன்றைத் தொடங்கிவிடல் வேண்டும்.

எம் அன்னையார் இதனை ஒப்பவில்லை. “தம்பி, வெள்ளிக்கிழமையிலே மச்சம் தொடாத வீட்டிலே, புழுவை வளர்த்துச் சாகக் கொடுக்கிறதோ?” என்றார். எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று அது. ஆற்றில் வாழும் மீன் தன் இரையைத் தானே தேடும். அந்தப் பாவம் எவரையும் சாராது. தொட்டியில் அடைத்த அன்றே அதன் பசி எம் பொறுப்பாயிற்று. பசியை ஏற்றவர் இரையையும் ஏற்றேயாக வேண்டும் என்றோம். அன்னையார் மறுமொழி கூறவில்லை. பெட்டியைக் குசினிக்குள் வைக்கலாகாது என்று மட்டும் கட்டளையிட்டார். அது இப்போது பின் விறாந்தையில் இருக்கிறது.

அடுத்த ஈட்டிற் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்தன. மகன் கைவில்லையுடன் புழுப்பெட்டியின் முன் அமர்ந்து, மீனை மறந்திருக்கும் நாட்களும் உண்டு. மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: ஓர் உயிரை விரும்பி வளர்க்க முற்படுமுன், அது எதை உண்டு வாழும் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடியபின் வளர்க்கத் துணிந்தால், அந்த உயிருக்கும் நன்று, உங்களுக்கும் நன்று.