80 லிட்டர் வீடு
(நியூசிலாந்துச் சாலையில் – 1)

சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், வண்டியை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் இளம்பெண் எங்களை வண்டியின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வெளியே இழுத்தார். பெட்டிக்குச் சக்கரமும் கைப்பிடியும் இருந்தன. "கழிப்பறையில் போவதெல்லாம் இதில் சேரும். நிரம்பினால் நீங்களே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் அந்தக் கேம்பர்வேன் வண்டியைக் கையில் வாங்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தாம்பரம் ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மேசையில் வைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் விபத்துக்கான பிணையாக 7,500 நியூசிலாந்து டாலரை ஓட்டுபவர் பெயரிலேயே இருக்கும் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்களாம். நம் பணத்தில் மூன்றே முக்கால் லட்சம். கணவரின் கார்டு அவ்வளவு தாங்காது. டெபிட் கார்டு செல்லாது. கடைசியில் ஒரு நாளைக்கு 45 டாலர் வீதம், 14 நாளைக்கும் சேர்த்து 630 டாலருக்கு அவர்கள் சொன்ன காப்பீட்டை வாங்கினோம். முன்பதிவு செய்த நாளில் இதை யாரும் சொல்லவில்லை. டீசல் வண்டிக்கு அரசாங்கம் கிலோமீட்டர் கணக்கில் தனியாகச் சாலை வரி வாங்குகிறது, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் கட்ட வேண்டும் என்பது அங்கேதான் தெரிந்தது. இந்தப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் முன்பணம் கட்டும்போதே இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் விமான நிலையத்தில் இப்படி எந்தத் திகைப்பும் இல்லை. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் காட்டினோம். சொல்லாமல் உணவுப் பொருள் கொண்டுவந்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். அதிகாரி ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்துடன் கொடுத்தார். கடுகும் கறிவேப்பிலையும் ஊருக்குள் ஓர் இந்தியக் கடையில் வாங்கினோம். நம் ஊரில் காய் வாங்கினால் கொசுறாக வருகிற கறிவேப்பிலை, அங்கே ஒரு கொத்துக்கு விலை.

வண்டி ஓட்டுவது கணவருக்குச் சிரமமாக இல்லை. அங்கேயும் இடப்பக்கம்தான். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் முடிச்சூர் சாலையில் முப்பது வருஷம் கார் ஓட்டியவருக்கு ஹாரன் இல்லாத அந்த அமைதிதான் பயமாக இருந்தது. "யாராவது ஒரு தடவை அடிச்சா நல்லாருக்கும், நான் சரியா போறேனான்னே தெரியல" என்றார்.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு முகாமில் நிறுத்தினோம். மின்சார வயரைச் செருகியதும் விளக்கெரிந்தது. படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, முழங்கை இடிக்கும் குளியலறை. மொத்தமும் எங்கள் வீட்டுச் சமையலறை அளவு இருக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர். கழுவிய தண்ணீர் போய்ச் சேர வேறொரு தொட்டி.

முதல் சண்டை அந்த 80 லிட்டரில்தான் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். "ஏம்மா, குழாயை மூடிட்டுக் களையேன்" என்றார்.

"முடிச்சூர்ல தண்ணி லாரிக்கு நின்னவ நானு. எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

உண்மையாகவே கோபம் வந்தது. தண்ணீரைக் கணக்குப் பார்த்தே வாழ்ந்தவள் நான். சம்ப்பில் எத்தனை அடி இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்து, மோட்டார் போட்டு, மாடித் தொட்டி வழிவதற்குள் ஓடிப்போய் அணைப்பேன். கோடையில் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்ததும், 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து இரண்டு ராத்திரி மாடியில் உட்கார்ந்திருந்ததும் ஒரே வீட்டில்தான். ஆனாலும் குழாய் திறந்துதான் இருந்தது. மூடினேன்.

உருளைக்கிழங்கை வேகவைத்துப் பொரியலுக்குத் தாளித்தேன். கடுகு வெடித்த அடுத்த நொடி, கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. முகாம் முழுவதும் கேட்டிருக்கும். பக்கத்து வண்டியிலிருந்து வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பாட்டி வந்து, கேட்காமலே கதவைத் திறந்துவிட்டு, ஒரு துண்டை வாங்கி மணிக்குக் கீழே விசிறினார். சத்தம் நின்றது. பிறகுதான் வணக்கம் சொன்னார். கணவர் இறந்த பிறகு மூன்று வருஷமாகத் தனியாக வண்டியிலேயே சுற்றுகிறாராம். சோறும் ரசமும் உருளைப் பொரியலும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ரசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

உருளைக்கிழங்கைப் பார்த்ததும் தமிழ் மணி பற்றி அவரிடம் சொன்னேன். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, இந்த நாட்டின் வட பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உண்மையில் அது ஒரு கப்பல் மணி. அதன் விளிம்பில் பழைய தமிழ் எழுத்தில், முகய்யதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. எப்படி அங்கே வந்தது என்பதை இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கவே பயணத்தின் கடைசி இரண்டு நாளை ஒதுக்கியிருக்கிறேன். நாற்பது வருஷம் இந்த நாட்டில் வாழ்ந்த பாட்டிக்கு இந்தச் செய்தி புதிது. பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்.

காலையில் அவர்தான் பெட்டியைக் கொட்டச் சொல்லிக் கொடுத்தார். தரையில் மூடியுள்ள ஒரு குழி, பக்கத்தில் குடிக்கக் கூடாத தண்ணீர் என்று எழுதிய ஒரு குழாய். பெட்டியின் மூக்கைத் திருப்பி, சாய்த்துக்கொண்டே பின்னாலுள்ள சின்னப் பொத்தானை அழுத்த வேண்டும். காற்று உள்ளே போனால்தான் தெறிக்காமல் விழும். வாடகைக்கு விட்டவர்கள் இந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லவே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு நான்தான் கொட்டினேன். அலசி, நீல மருந்து ஊற்றி மூடினேன். ஐந்து நிமிட வேலை.

கையுறையைக் கழற்றும்போது கை நடுங்கியது. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்காரருக்குப் போன் செய்வேன். இரண்டு பேர் வருவார்கள். கையுறை இருக்காது, காலில் ரப்பர் செருப்பு. 2013 சட்டம், பாதுகாப்பு இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம் என்கிறது. ஆனாலும் மூடியைத் திறந்து குனிந்து எட்டிப் பார்த்துத்தான் அவர்கள் குழாயை விடுகிறார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். பணத்தைக் கதவிடுக்கில் நீட்டுவேன். இத்தனை வருஷத்தில் ஒருவர் பெயரையும் கேட்டதில்லை, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்ததில்லை. 61 வயதில் முதல் முறையாக என் கழிவை என் கையால் சுமந்திருக்கிறேன்.

இந்த முகாமில் சூட் போட்டவரும் சுற்றுலாப் பையனும் அதே பெட்டியை இழுத்துக்கொண்டு அதே வரிசையில் நிற்கிறார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவிய பிறகு தொட்டியைத் துடைத்து உலர்த்திவிட்டுப் போகிறார்கள். இந்த நாட்டில் மலையையும் ஏரியையும் பார்ப்பதற்கு முன்னால் எனக்குப் பிடித்துப்போனது இதுதான்.

"நாளைக்கு நான் கொட்டறேன்" என்றார் கணவர். ஒரு தாளில் கோடு போட்டு, ஒற்றைப்படை நாள் அவர், இரட்டைப்படை நாள் நான் என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம். 80 லிட்டரை மறுபடி நிரப்பிக்கொண்டு, டெக்காப்போ ஏரியை நோக்கித் தெற்கே திரும்பினோம்.

(தொடரும்)