அணையாத அடுப்பு

ஒரு நாவலை முடிப்பதற்காகக் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். சிநேகிதர் ஒருவர் அங்கே தமக்கிருந்த பழைய வீட்டின் சாவியைக் கொடுத்து, "மார்கழிக் குளிரில் விரல் விறைத்துப் போகும். ஆனால் கூடத்தில் இரும்பு அடுப்பு இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லி அனுப்பினார். 1819-ல் ஜான் ஸல்லிவன் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் வந்து தங்கினாரே, அந்தக் காலத்திலிருந்தே இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடு என்றால் தலையில் ஒரு புகைபோக்கி உண்டு. எனக்கோ அடுப்பு என்றால் சமையலறைச் சாமான். அது கூடத்தில், நாற்காலிக்கு எதிரே, சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஒரே குஷியாகிவிட்டது.

நாலே நாளில் அதன் சூட்சுமம் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். இரவு படுக்கப் போகுமுன் வயிறு நிறைய விறகைத் திணித்து, கீழே காற்று நுழையும் துவாரத்தை ஏறக்குறைய மூடிவிட வேண்டும். நெருப்பு கொழுந்துவிடாது, அணையவும் அணையாது. புகைந்து கனன்றுகொண்டே கிடக்கும். விடியற்காலை 5 மணிக்குப் பேனாவை எடுத்தால் அறை வெதுவெதுவென்று இருக்கும். என் மனைவியிடம் இதைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சமல்ல. கொட்டகையிலிருந்த காய்ந்த கற்பூர மர விறகு - யூகலிப்டஸைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள் - தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் வெட்டிய சீகை விறகு ஒரு வண்டி மலிவாக வந்தது. வாங்கிப் போட்டேன்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் ஒருநாள் காலை கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"புகை கனத்து வருதுங்க ஐயா. விறகு பச்சை. உள்ளே தார் கட்டும். சிம்னியைத் தேய்ச்சு ரெண்டு வருஷமாச்சு. ஒருநாள் அடுப்பை ஆறப் போட்டீங்கன்னா நான் ஏறிச் சுத்தம் பண்ணிடுறேன். 600 ரூபாய் ஆகும்."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டுமே என் காதில் நின்றது. "புகை வரத்தானே ஐயா புகைபோக்கி?" என்றேன் ஹாஸ்யமாக. அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். எழுத வந்தவனை ஏமாந்தவன் என்று நினைத்துவிட்டாராக்கும் என்று எனக்குள் ஒரு கறுவல்.

அந்த வாரக் கடைசியில், எழுதியதில் ஐம்பது பக்கம் தேறாது என்று தெரிந்தது. ராத்திரி 10 மணி இருக்கும். கோபத்தில் அடுப்புக் கதவைத் திறந்து கற்றையாக உள்ளே போட்டேன். காகிதம் குபீரென்று பிடித்துக்கொண்டு, ஜ்வாலை மேலே தாவிற்று. முதலில் சடசடவென்று ஒரு சத்தம். அப்புறம், மேட்டுப்பாளையம் ரயில் கூடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டாற்போல் இரைச்சல். அடுப்பின் தலையிலிருந்து சுவருக்குள் போகிற குழாய் பழுக்கக் காய்ந்து சிவந்தது. மனைவி தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்கம்மா! சூட்டிலே கல்லு வெடிச்சிடும்!"

பெரியவர்தான். கூரைக்கு மேல் தீ கக்குவதைத் தம் குடிசையிலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். அடுப்புக் கதவை இழுத்துச் சாத்தினார். காற்றுத் துவாரத்தை அடைத்தார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணச் சொன்னார். எங்கள் இருவரையும் வெளியே பனியில் நிறுத்திவிட்டு, ஈரச் சாக்குடன் பொறி விழும் இடமெல்லாம் பார்த்தபடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்று கிடைக்காததால் நெருப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. வண்டி வந்தபோது இரைச்சல் அடங்கி, உச்சியில் செம்மை மட்டும் இருந்தது. இப்படிப் பிடிக்கிற தீ ஆயிரம் டிகிரியையும் தாண்டும் என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். உத்தரத்தில் பற்றவில்லை, பற்றியிருந்தால் நாவலோடு நாவலாசிரியனும் முடிந்திருப்பான்.

மறுநாள் அடுப்பு நன்றாக ஆறிய பிறகு வேலை நடந்தது. அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடி, என் மூக்கில் ஒரு துணியைக் கட்டினார். கம்பித் தூரிகையின் இரு பக்கமும் கயிறு. ஒரு முனையோடு அவர் கூரையில். கீழே சுவரிலிருந்த கரி அள்ளும் சிறு கதவருகே மறு முனையோடு நான். அவர் இரண்டு தரம் சுண்டினால் நான் இழுக்க வேண்டும்; நான் சுண்டினால் அவர். அரை மணி நேரத்தில் என் கை ஓய்ந்துவிட்டது. முதலில் வெறும் கரிப்பொடி விழுந்தது. பிறகு பக்குப் பக்காக, நெருப்பில் பொரிந்து தேன்கூடு போல் உப்பிய கறுப்புத் துண்டுகள். கிரியோஸோட் என்று புத்தகத்தில் பெயர், அவருக்குத் தார்.

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுப்பின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. போதாக்குறைக்கு நான் காற்றையும் அடைத்தேன். எரியாத புகை சூடில்லாமல் சோம்பி மேலே போய், குளிர்ந்த சுவரில் பிசினாகப் படிகிறது. அரைக்கால் அங்குலக் கனம் படிந்தாலே தேய்த்துவிட வேண்டுமாம். அடியில் வார்னிஷ் பூசினாற்போல் மினுங்கிய படிவத்தைத் தூரிகை தொடவே இல்லை.

"இது சங்கிலி போட்டு அடிக்கணும். நாளைக்கும் வேணும்" என்றார்.

எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். நுவரெலியாப் பக்கம் ஒரு தொரை பங்களாவில் அவருடைய அப்பா வேலை பார்த்தாராம். கீழே கயிற்றைப் பிடிக்கிற வேலை, சிறு பையனான இவருக்கு. 1964-ல் ஸிரிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டார்கள். "அந்தக் கணக்கிலே நானும் ஒரு ஆளுங்க" என்றார். பிறகு இந்த மலையில் தேயிலைத் தோட்டம்; இப்போது தோட்டக்காரர். இங்கிலாந்தில் குழந்தைகளையே புகைபோக்கிக்குள் ஏற்றித் துடைத்தார்கள். அந்தக் கரி புற்றுநோய் தருகிறது என்று பெர்ஸிவால் பாட் என்ற வைத்தியர் 1775-ல் எழுதியும், வழக்கம் ஒழிய 1875-ம் வருஷச் சட்டம் வர வேண்டியிருந்தது. இதை நான் சொன்னபோது அவர், "எங்கப்பா என்னை உள்ளே விட்டதில்லீங்க" என்றார் அவசரமாக. அப்பாவுக்குப் பழி வந்துவிடக் கூடாது என்பதுபோல.

இரண்டாம் நாளும் ஆயிற்று. "1,200 ரூபாய்" என்றார். முதலிலேயே விட்டிருந்தால் பாதியோடு போயிருக்குமே என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்தச் சமயத்திலும் போட்டது. பேசாமல் எண்ணிக் கொடுத்தேன். அவரும் பேசாமல் எண்ணி வாங்கிக்கொண்டார். புகைபோக்கிக்குள் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்ததால், கொத்தனார் வந்து பூசிக் காயும்வரை நெருப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று நாள் ஒரு வரிகூட எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் புதிதாக விறகு வந்தது. பெரியவர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'டங்' என்று மணிபோல் கேட்டது. கொட்டகையிலிருந்து என் சீகைக் கட்டைகள் இரண்டை எடுத்து வந்து தட்டினார். 'தொப்' என்றது.

"நீங்க தட்டிப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினார்.