அப்புச்சி கட்டிய லோடு

"நான் வீட்லயே இருந்துக்கறேன் கண்ணு. நீங்கெல்லாம் போய்ட்டு வாங்க."

அம்முச்சி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னபோது மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாமக்கல்லிலிருந்து பெற்றோர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் வீடு. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. ஸ்மோக்கி மலையில் மூன்று நாளுக்கு ஒரு மரவீடு எடுத்து, பணமும் கட்டியாகிவிட்டது. இந்த நேரத்தில் அம்மா வரமாட்டேன் என்றால்?

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அம்முச்சிக்கு நடை குறைந்துவிட்டது. வீட்டுக்குள் வாக்கர், வெளியே போனால் சக்கர நாற்காலி. "இடுப்பு வலிக்குமோ என்று பயப்படறாங்க" என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வண்டியில் இடம் இல்லை என்பதும் உண்மைதான். ஏழு பேர் உட்காரும் வேன். ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் பின்னால் மிச்சம் இருப்பது கையகல இடம். ஆறு பேருக்குத் துணிமணி, போர்வை, மூன்று நாள் சமையல் சாமான், போதாக்குறைக்கு வாக்கரும் சக்கர நாற்காலியும்.

மருமகன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வேனின் பின் பம்பருக்குக் கீழே சதுரமான இரும்புக் குழாய் ஒன்று உண்டு. டிரெய்லர் இழுக்கப் பொருத்துவது. பெயர் ஹிட்ச் ரிசீவர். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைகளின் சைக்கிளை மாட்டுவதற்காகப் போட்டது. அந்தக் குழாய்க்குள் செருகிக்கொள்ளும் இரும்புத் தட்டு கிடைக்கிறது. கார்கோ கேரியர் என்கிறார்கள். நடுத்தண்டைக் குழாய்க்குள் விட்டு, குறுக்கே ஒரு பின் போட்டுப் பூட்டினால் வண்டிக்குப் பின்னால் சின்னத் திண்ணை மாதிரி நிற்கும்.

கூரையில் பெட்டி வைக்கலாமே என்று மகள் கேட்டாள். மருமகன் அதையும் பார்த்து வைத்திருந்தார். தலைக்கு மேல் பெட்டியைத் தூக்க வேண்டும், உயரத்தில் பாரம் இருந்தால் வளைவில் வண்டி ஆடும், பெட்ரோலும் கூடும். பெரிய கூரைப் பெட்டி வைத்தால் நெடுஞ்சாலை வேகத்தில் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம். பின்னால் மாட்டும் தட்டுக்கு அது 1 முதல் 5 சதவீதம்தான். வண்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருவதால் காற்று அதை நேராக மோதுவதில்லை.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ, தாங்கும் என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலமே மருமகன் அதை மாட்டி, சக்கர நாற்காலியை மடித்து நிறுத்தி, நாலு பட்டையால் இறுக்கிக் கட்டி வெள்ளோட்டம் பார்த்தார். வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. தெருவே பார்த்தது. சமையலறை ஜன்னலிலிருந்து அம்முச்சியும் பார்த்தார்.

அப்புச்சி வண்டியின் பின்னால் வந்து நின்றார். நாமக்கல்லில் முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். முதல் பன்னிரண்டு வருடம் பிறர் வண்டி, பிறகு சொந்த வண்டி. குனிந்து குழாயைப் பார்த்தார். தட்டைப் பிடித்து ஆட்டினார். அது லொடலொட என்றது.

"தண்டு பெருசு, குழாய் சின்னதாட்டம் இருக்குதே மாப்ள?"

"ஆமாங்க மாமா. நம்ம குழாய் ஒண்ணே கால் இஞ்ச். இந்தத் தட்டு ரெண்டு இஞ்ச் குழாய்க்கானது. அதனால நடுவுல ஒரு அடாப்டர் போட்டிருக்கேன்."

"அதனால தட்டு இன்னும் வெளிய தள்ளிப் போயிருக்குதுங்க."

"500 பவுண்டு தாங்கும்னு போட்டிருக்கானே மாமா."

"தட்டு தாங்குங்க. வண்டி எத்தனை தாங்கும்?"

மருமகனுக்குச் சுருக்கென்றது. பத்து நாள் தேடி, நூறு பேருடைய கருத்தைப் படித்து வாங்கியது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். சாப்பாட்டு மேசையிலும் பேச்சில்லை.

ராத்திரி பத்து மணிக்குக் கராஜில் விளக்கு எரிந்தது. என்னவென்று பார்க்கப் போன மருமகனுக்குக் கண்ட காட்சி விநோதமாக இருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, கதவு நிலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பன்னிரண்டு வயதுப் பேத்தி படிக்க, அப்புச்சி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து 520 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது.

"குந்துங்க மாப்ள" என்றார் அப்புச்சி. பேத்தியைத் தூங்க அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கிய காலம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஜவ்வரிசி ஆலைக்காரர் அவசரப்படுத்த, ஒரு நாள் அளவுக்கு மேல் ஏற்றினார். "வண்டி தாங்கும்னுதான் நானும் நினைச்சேன்." பாதி மலையில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்து, வண்டி சாய்ந்து, மூட்டைகள் சரிந்தன. கிளீனர் பையனுக்குப் பதினேழு வயது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் அதன் பிறகு காலை இழுத்துத்தான் நடந்தான். "அவங்கம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கலைங்க மாப்ள. கேட்டிருந்தாத் தேவலை."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மருமகன் போனில் கால்குலேட்டரைத் திறந்தார். "சொல்லுங்க மாமா, கணக்குப் போடுவோம்."

குளியலறை எடைமெஷின் கராஜுக்கு வந்தது. பெரியவர்கள் நாலு பேர் 287 கிலோ. பிள்ளைகள் இரண்டு பேர் 64 கிலோ. ஆட்கள் மட்டுமே 351. (அம்முச்சியின் எடையைக் கேட்கப் போன மகளுக்குத் திட்டு விழுந்தது தனிக் கதை.) மிச்சம் 169. பிறகு பொருத்திய ஹிட்ச் இரும்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். அது 15 கிலோ. மிச்சம் 154. வண்டிக்குள் வைக்கும் சாமான் 60, தட்டின் சொந்த எடை 25 போனால், தட்டின் மேல் ஏற்ற முடிந்தது 69 கிலோதான். 227 எங்கே, 69 எங்கே!

ஹிட்சுக்கும் ஓர் அளவு உண்டு. டங் வெயிட் என்பார்கள். குழாயின் வாயில் நேராகக் கீழே அழுத்தக்கூடிய எடை. ஒன்றே கால் இஞ்ச் குழாயில் முதல் வகை என்றால் 200 பவுண்டு, இரண்டாம் வகை என்றால் 350 பவுண்டு வரைதான். இவர்களுடையது இரண்டாம் வகை. சுமார் 158 கிலோ. தட்டின் எடையும் இதில் சேரும். வேன் கம்பெனியின் கையேடு சொல்லும் அளவு இதைவிடக் குறைவாக இருந்தால், குறைவானதுதான் கணக்கு. தட்டு, ஹிட்ச், வண்டி என்று மூன்று எண்ணில் சின்ன எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பின்னால போற பாரம் அத்தனையும் பின் சக்கரத்துக்கு அந்தாண்ட இருக்குதுங்க. ஏத்தம் மாதிரி" என்றார் அப்புச்சி. மருமகனுக்கு உடனே பிடிபட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால், பின் சக்கரங்கள் 150 கிலோ சுமக்கும். முன் சக்கரங்களில் 50 கிலோ குறையும். இந்த வேனைத் திருப்புவதும் இழுப்பதும் முன் சக்கரம்தான். அடாப்டர் போட்டு இன்னும் வெளியே தள்ளினால் இது கூடும். அதனால்தான் அடாப்டர் போட்டால் தாங்கும் அளவையும் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மறுநாளே தட்டும் அடாப்டரும் திரும்பிப் போயின. பதிலுக்கு ஒன்றே கால் இஞ்ச் தண்டு உள்ள தட்டு வந்தது. தாங்குவது 300 பவுண்டுதான். ஆனால் நேராகக் குழாய்க்குள் உட்கார்ந்தது. தண்டு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்ததால், வாசல் சரிவில் இறங்கும்போது தரையில் உரசவில்லை. ஆட்டத்தை நிறுத்த ஓர் இறுக்கும் கிளாம்பும் வாங்கினார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் லோடு ஏற்றும் பொறுப்பு அப்புச்சியுடையது. முதல் உத்தரவு: "நாற்காலி உள்ளே. கட்டுற பேச்சே கிடையாது."

"ஒவ்வொரு இடத்துலயும் இறக்கணுமே, வெளிய இருந்தா சுலபம் இல்லையா அப்பா?" என்றாள் மகள்.

அப்புச்சி பதில் சொல்லவில்லை. உள்ளே, தலை வாரிவிடும்போது அம்முச்சிதான் சொன்னார்: "வீடு மாத்தற வண்டியில கட்டில் கால் நீட்டிட்டுப் போற மாதிரி, என் நாற்காலிய பின்னால கட்டி ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டுப் போகணுமா? உங்கப்பாகிட்ட கூட நான் சொல்லலை. மனுசன் எப்படியோ கண்டுபிடிச்சிட்டாரு." மகளின் கையில் சீப்பு நின்றுவிட்டது. வலிக்குப் பயந்து என்றல்லவா எல்லாரும் நினைத்தோம்!

இரண்டாவது உத்தரவு: தின்பண்டம் எதுவும் வெளியே கூடாது. இது பேத்தி சொல்லிக் கொடுத்தது. ஸ்மோக்கி மலையில் கருங்கரடிகள் நிறைய. முறுக்கு வாசனையும் ஊறுகாய் வாசனையும் போதும், துணிப் பையைக் கிழித்துவிடும். சாப்பாட்டுச் சாமானை மூடிய வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோதான் வைக்க வேண்டும். ஆகவே உணவு உள்ளே, துணி வெளியே. மேசை கிரைண்டரைக் கொண்டுபோக மகள் போட்ட மனு தள்ளுபடி ஆனது. மாவை வீட்டிலேயே அரைத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள்.

வெளியே நாலு பெட்டியும் வாக்கரும். மொத்தம் 59 கிலோ. கனமான இரண்டு பெட்டி வண்டியை ஒட்டி நடுவில், லேசானவை ஓரத்தில். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பைக்குள் போட்டு, பல்லிழுவைப் பட்டை நாலு போட்டு இறுக்கினார். தொங்கிய வால் முனைகளையும் முடிந்துவைத்தார். காற்றில் அடித்து அறுந்துவிடும் என்று. புகைக்குழாயின் வாய்க்கு நேராகப் பை வராமல் நகர்த்தினார், சூட்டில் உருகிவிடும். மகளை பிரேக் மிதிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கும் இண்டிகேட்டரும் பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று இருபதடி தள்ளி நின்று பார்த்தார். நம்பர் பிளேட்டும் தெரிந்தது. அது மறைந்தால் இங்கே போலீஸ் நிறுத்தலாம். பின் கேமராவில் பை மட்டும்தான் தெரிந்தது. "ரிவர்ஸ் எடுத்தா நான் இறங்கிச் சொல்றேன்" என்றார்.

விடியற்காலையில் கிளம்பினார்கள். அம்முச்சி அரக்குக் கலர் சேலை கட்டி எல்லாருக்கும் முன்னால் தயாராக இருந்தார்.

ஐம்பது மைல் போனதும் அப்புச்சி வண்டியை நிறுத்தச் சொன்னார். துணிப் பெட்டிகள் அமுங்கி, ஒரு பட்டை இரண்டு விரல் அளவு தளர்ந்திருந்தது. மருமகனே இறங்கி இறுக்கினார். பின், கிளாம்ப், நாலு பட்டை என்று கைவைத்துப் பார்ப்பது அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பழக்கமாகிவிட்டது. எட்டாவது மைலில் கேட்கத் தொடங்கும் லொடலொட சத்தம் இந்தத் தடவை கேட்கவே இல்லை.

செரோகி ஊரைத் தாண்டி மலையேறினார்கள். உச்சியில் நியூஃபவுண்ட் கேப், 5,046 அடி. வட கரோலினாவும் டென்னசியும் சந்திக்கும் இடம். ஊதா நிறத்தில் மலைக்குப் பின்னால் மலை. பின்கதவைத் திறக்க வழியில்லாததால் பக்கக் கதவு வழியாகச் சக்கர நாற்காலியை இறக்கினார் மருமகன். அம்முச்சி அதில் உட்கார்ந்து மதில் ஓரம் வரை போனார்.

பேத்தி அங்கிருந்த கல்மேடையைக் காட்டி, பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னாள். 1940 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்தப் பூங்காவை அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இங்கேதான் நாட்டுக்கு அர்ப்பணித்தார். போலியோ தாக்கி நடக்க முடியாமல் போனவர். சக்கர நாற்காலியில் தன்னைப் படம் எடுப்பதை அவர் விரும்பியதில்லை.

அம்முச்சி கொஞ்ச நேரம் அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவரு நாற்காலிய எங்க வெச்சுக் கொண்டாந்தாங்களாம்?"

எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன்" என்றவர், பேத்தியிடம் போனைக் கொடுத்தார். "என்னைய ஒரு போட்டோ எடு கண்ணு. நாற்காலியோடயே எடு. ஊருக்கு அனுப்பணும்."

அப்புச்சி இதையெல்லாம் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. வண்டிக்குப் பின்னால் போய், ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி கேட்லின்பர்க் வரை இறக்கம்.

"ஏறுன கியர்லயே எறங்குங்க மாப்ள" என்றார். "பிரேக்கையே மிதிச்சிட்டு வராதீங்க. அவசரம் ஒண்ணுமில்லை."

"சரிங்க மாமா" என்றார் மருமகன்.