ஈராண்டு வாக்கு

கனடாவின் வடகோடியிலுள்ள கிரைஸ் பியோர்டுக்குப் பணி நிமித்தம் செல்ல வேண்டியிருந்தது. வழியில் ரெசொலூட் என்னும் சிற்றூரில் விமானம் மாற வேண்டும். "மூடுபனி இறங்கினால் சிறு விமானம் எழும்பாது, இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்" என்றார் நண்பர். சலிப்புடன் அவ்வூரின் வரலாற்றைப் புரட்டினேன்.

1953-இல் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுவிட் குடும்பங்களை அரசு கப்பலேற்றி அங்கே குடியமர்த்தியது. ஈராண்டில் திரும்பலாம் என்ற வாக்கு காக்கப்படவில்லை. 2010-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது.

1956-இல் என் பனச்சமூட்டை ஒட்டி மாநில எல்லை விழுந்தது. கோடுதான் வந்தது, எங்கள் வீடு இடம்பெயரவில்லை. நானோ, எவரும் அனுப்பாமல் நானாகவே விமானம் ஏறியவன்.

இரண்டு நாளை மறுபேச்சின்றி ஒதுக்கினேன். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்ன வாக்குத்தான் இன்னும் அப்படியே கிடக்கிறது.